அவன் பெயரில் என் கண்

கண்ணாடி முன்னால் நின்று கீழிமையை விரலால் இழுத்துப் பார்க்கிற பழக்கம் என்னை இன்னும் விடவில்லை. அங்கே பார்த்தால் ஒன்றும் தெரியாது என்று எனக்கே நன்றாகத் தெரியும். பார்க்க வேண்டிய சங்கதி கண்ணுக்குள்ளே, பின்பக்கத்தில், எந்தக் கண்ணாடியும் காட்டாத இடத்தில் இருக்கிறது. இருந்தாலும் காலையில் பல் துலக்கியதும் ஒருதரம் இழுத்துப் பார்த்தால்தான் எனக்கு டீ இறங்கும். "இன்னாய்யா, உள்ள எதனா புதையல் கீதா?" என்பாள் என் மனைவி. கேலி செய்யட்டும். அந்தப் பயம் வந்த நாட்களில் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தவன் நான். அதற்கு இந்தத் தண்டனை குறைவுதான்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். வடசென்னையில் சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில், இரும்பு இறக்கி அடுக்குகிற ஒரு யார்டில் நான் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ரோட்டில் போகிற கிரேன் இல்லை. கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் தண்டவாளம் போட்டு, அதன்மேல் குறுக்காக நகர்கிற பெரிய கிரேன். அதன் ஓரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு தொங்கும். கூண்டுக்கு ஏற நாற்பத்திரண்டு இரும்புப் படி. துறைமுகத்திலிருந்து டிரெய்லரில் காயில் வரும், அதாவது பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டிய இரும்புத் தகடு, ஒவ்வொன்றும் பத்து டன், பன்னிரண்டு டன். அதைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கீழே நிற்கும் கலாசி கையால் சைகை காட்டுவார். மேலே நாங்கள் கையைப் பார்த்து ஏற்றுவோம், இறக்குவோம். அந்த இரைச்சலில் எவன் குரலும் கூண்டுவரை வராது. எல்லாப் பேச்சும் கையில்தான்.

யார்டில் இரண்டு கிரேன். ஒன்று எனக்கு, இன்னொன்று என் தோஸ்துக்கு. அவன் காசிமேட்டுக்காரன். அப்பா மீன்பிடித் தொழில். தினமும் படியில் கால் வைக்கும்முன் சிலுவை போட்டுக்கொள்வான், போட்ட கையோடு மேஸ்திரியை ஒரு கெட்ட வார்த்தையும் சொல்வான். என் வீடு கொருக்குப்பேட்டையில், தண்டவாளத்தை ஒட்டி. காலையில் ரயில்வே கேட்டுப் பக்கம் மொபெட்டை நிறுத்தி ஹாரன் அடிப்பான், நான் பின்னால் ஏறிக்கொள்வேன். பதினாலு வருடம் அப்படியே போனோம்.

எங்கள் யார்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஆளுக்கு ஆள் நிற்பது என்று சொல்வோம். ஒருவன் வரத் தாமதமானால் அவன் கார்டை இன்னொருவன் வாசலில் பஞ்ச் செய்வான். ஒருவன் வீட்டில் சாவு விழுந்தால் அவன் ஷிப்டையும் இன்னொருவன் சேர்த்து ஓட்டுவான். இதற்கு நன்றி சொல்வதில்லை, சொல்லிக்காட்டுவதும் இல்லை. நிற்க மாட்டேன் என்று சொன்னவனோடு யாரும் டீ குடிக்க மாட்டார்கள். என் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகி ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளும் என் தோஸ்துதான் என் கார்டைப் போட்டு, என் கிரேனை ஓட்டி, என் பெயரைக் கூப்பிட்டபோது ஆஜர் சொன்னான். ஆகையால் அவன் என்னிடம் கேட்டபோது, முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விஷயம் இதுதான். அவன் வலது கண்ணில் ஒரு வருடமாகப் புரை விழுந்துகொண்டிருந்தது. முதலில் புகை மூட்டமாக இருக்கிறது என்றான். பிறகு எண்ணெய்க் காகிதம் வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றான். ஆபரேஷன் செய்துகொள்ளேன் என்றால், ஒரு மாதம் கூண்டு காலியாக இருந்தால் வேறொருவன் வந்து குந்திக்கொள்வான் என்பான். தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி இடது கண்ணாலேயே ஓட்டிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு டன் இரும்பு ஆட்களின் தலைக்கு மேல் போகிறது, ஓட்டுகிறவனுக்கு ஒரு கண். தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருடா வருடம் கண் பரிசோதனை உண்டு. அதுவரை ஒரு கம்பவுண்டர் வந்து எப்போதும் அதே எழுத்துப் பலகையை மாட்டுவார். என் தோஸ்து அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தான். அந்த வருடம் ஒரு கண் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரே வேனில் வருகிறார், புதுப் பலகை, புது மெஷின் என்று சொன்னார்கள்.

"மாமு, செவ்வாக்கெழம எனுக்கு டர்னு, உனுக்கு சனிக்கெழம," என்றான் கேன்டீனில். "என் கார்டை எடுத்துகினு நீ போய்ட்டு வந்துரு. கழுகு கண்ணு உனுக்கு."

"கார்டுல போட்டா கீதே."

"அந்த போட்டால கீறது நானா நீயான்னு என் வூட்டுக்காரிக்கே தெரியாது. துரு புட்ச்சி கலீஜா கீது. குட்த்துட்டுப் போய்க்கினே இரு."

செவ்வாய்க்கிழமை அவன் கார்டைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, பரிசோதனை நடந்த கேன்டீன் கொட்டகைக்குப் போனேன். அவன் சொன்னது சரி. கார்டை ஒருவரும் பார்க்கவில்லை. எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை ஒரு தடுமாற்றம் இல்லாமல் படித்தேன். பலகைப் பக்கம் நின்ற நர்ஸ் பெண் என்னைப் பார்த்து, "சூப்பரா படிக்கிறீங்களே அண்ணா," என்றபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வேலை முடிந்தது என்று எழுந்தேன்.

"உக்காருங்க, சொட்டு மருந்து விடணும். இந்த வருஷம் எல்லாருக்கும் உள்ள படம் எடுக்கறோம்."

மருந்து எரிந்தது. கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசப்பு இறங்கியது. அரை மணி நேரம் பெஞ்சில் கண்ணை மூடி உட்காரச் சொன்னார்கள். பிறகு ஒரு மெஷின் முன்னால் மோவாயை வைத்து, நெற்றியை ஒட்டி, பச்சை வெளிச்சத்தைப் பார்க்கச் சொன்னார்கள். பளீர் என்று ஒரு வெட்டு வெட்டியது. ரொம்ப நேரம் பார்க்கிற இடமெல்லாம் ஒரு வட்டம் மிதந்தது. எனக்குக் கவலை எதுவும் இல்லை. வெளியே போனதும் கண் கூசுவதற்கு வெல்டிங் வெளிச்சம் அடித்துவிட்டது என்று மேஸ்திரியிடம் சொல்ல வேண்டும், அதுதான் என் யோசனையெல்லாம்.

டாக்டரம்மா உள்ளே ஒரு மேசையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெயரைக் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாம் தரம்தான் அது நான் என்று எனக்கு உறைத்தது.

"எவ்ளோ நாளா தலைவலி இருக்கு உங்களுக்கு?" என்று எடுத்த எடுப்பில் கேட்டார்.

தலைவலி இருக்கிறதா என்று கேட்கவில்லை, எவ்வளவு நாளாக என்று கேட்டார். பின்தலையில் காலைவேளை வலி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கூண்டுச் சூடு என்று நினைத்திருந்தேன்.

திரையை என் பக்கம் திருப்பினார். மருந்து விட்ட கண்ணுக்குக் கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாது, ஆனாலும் அது பெரியதாக இருந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம். அதன் ஒரு பக்கத்தில் வெளிர் மஞ்சளாக ஒரு பொட்டு. அந்தப் பொட்டிலிருந்து மேலும் கீழும் சிவப்பாகக் கிளை பிரிந்து ஓடியது. அது என் கண்ணின் உட்புறம் என்று நம்பவே முடியவில்லை.

"ரத்தக்குழாயை உடம்பை அறுக்காம நேரா பாக்க முடியற எடம் இது ஒண்ணுதான்," என்றார். பேனா முனையால் காட்டினார். "இது ஆர்ட்டரி, நல்ல ரத்தம் வர்ற குழாய். இது இன்னும் அகலமா இருக்கணும். சுருங்கிப் போயிருக்கு. இங்க பாருங்க, ரத்தம் திரும்பிப் போற வெயினை இது தாண்டுற எடம். கீழ இருக்கறதை நசுக்குது. இது ரத்தக் கசிவு. இந்த வெள்ளைத் திட்டெல்லாம் ரத்தம் சரியா போகாத எடம்."

"கண்ணு போயிருமா மேடம்?"

"நான் கண்ணைப் பத்தி பேசல. உங்க இதயத்தைப் பத்தி பேசறேன்."

கையில் பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார். பார்த்துவிட்டு, காற்றை இறக்கி, மறுபடியும் பார்த்தார். நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றுப் பதினைந்து. அதை எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார்:

"அப்பா இருக்காரா?"

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நாற்பத்து நாலு வயதில், காலை டீ நேரத்தில், அடுக்கின மூட்டைமேல் உட்கார்ந்து, நெஞ்சு கரிக்கிறது, ஒரு சோடா வாங்கி வா என்றாராம். சோடா வருவதற்குள் போய்விட்டார். எனக்கு அப்போது பதினேழு வயது. அந்த உடைக்காத சோடாவைக் கொண்டுவந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் எங்கள் வீட்டு வாசல்வரை கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். அடுத்து வரும் சித்திரையில் எனக்கும் நாற்பத்து நாலு முடிய இருந்தது.

ஆனால் நான் நானாக அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. என் தோஸ்துவின் அப்பா காசிமேட்டில் கல்லு மாதிரி உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"இருக்காரு மேடம். நல்லா இருக்காரு," என்றேன்.

அந்த வார்த்தையைச் சொன்னபோது என் உள்ளங்கை ஜில்லிட்டுப் போனது. டாக்டரம்மா தலையை ஆட்டி அதையும் எழுதிக்கொண்டார். படத்தை மட்டும் வைத்து இதயத்தில் இன்னதுதான் என்று சொல்ல முடியாது, ஆனால் இந்த வாரத்துக்குள் இதய டாக்டரிடம் போயே ஆக வேண்டும், அடுத்த வாரம் வியாழக்கிழமை கண் ஆஸ்பத்திரிக்கு வந்து மறுபடியும் படம் எடுக்க வேண்டும் என்றார். அதுவரை கிரேனில் ஏறக்கூடாது என்று ஒரு கடிதம் எழுதி, ஒரு நகலை என் எதிரிலேயே ஆபீஸுக்குக் கொடுத்தனுப்பினார். படத்தை அச்செடுத்து என் கையில் கொடுத்தார். ஆரஞ்சு வட்டத்துக்குக் கீழே அவன் பெயர் இருந்தது.

அவனுடைய கிரேனைக் காப்பாற்றப் போனேன். நான் வெளியே வருவதற்குள் அவன் கிரேனைப் பிடுங்கிவிட்டார்கள்.

ஸ்கிராப் குவியலுக்குப் பின்னால் அவனிடம் சொன்னேன். முதலில் சிரித்தான். "என் நைனா நல்லா கீறாருன்னு சொன்னியா? சரிதான், டெய்லி ஒரு சட்டி கொழம்பு உள்ள போவுது அவுருக்கு," என்றான். அப்புறம் படத்தை வாங்கி, நல்ல கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

"மாமு, இது உன் கண்ணு."

"ஆமா."

"அப்ப இந்த வாரத்துக்குள்ள போவ வேண்டியது நீ."

கடிதத்தை அவன் வைத்துக்கொண்டு படத்தை என் பையில் செருகினான். அன்றைக்கு மத்தியானமே அவனைக் கீழே இறக்கிக் கலாசிகளோடு நிற்க வைத்தார்கள். புகார் எதுவும் சொல்லாமல் நின்றான். நான் மறுநாள் காலையில் என் நாற்பத்திரண்டு படியை ஏறினேன்.

பயம் எப்படி இருக்கும் என்று நான் அதற்கு முன் நினைத்தது வேறு. படபடப்பாக, வியர்வையாக வரும், வந்துவிட்டுப் போய்விடும் என்று நினைத்திருந்தேன். அது போகவே இல்லை. படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் நெஞ்சு என்ன செய்கிறது என்று காதைக் கொடுத்தேன். வேகமாக அடித்தால் பயம், மெதுவாக அடித்தால் அதைவிடப் பயம். சாப்பிட்ட பிறகு ஏப்பம் வந்தால் சந்தோஷப்பட்டேன், வாயுதான் என்று. அடுத்த நிமிடமே என் அப்பாவும் இப்படித்தான் நினைத்திருப்பார் என்று தோன்றும். கூண்டில் உட்கார்ந்து நெம்புகோலைப் பிடித்தால், நான் இப்படியே சாய்ந்துவிட்டால் இந்தக் காயில் யார் தலைமேல் விழும் என்று கீழே நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். அவர்களில் ஒரு தலை என் தோஸ்துவுடையது.

அந்தப் படத்தைக் கூண்டில் காலண்டருக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தேன். வேலை இல்லாத நேரத்தில் எடுத்துப் பார்ப்பேன். எந்த இடத்தில் நசுக்குகிறது என்று டாக்டரம்மா காட்டினாரோ அந்த இடத்தை விரலால் தடவுவேன். வீட்டில் கண்ணாடி முன்னால் இமையை இழுத்துப் பார்க்க ஆரம்பித்தது அப்போதுதான். "கண்ணுல தூசா?" என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்றேன்.

யார்டில் சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும், அதனால்தான் சொல்லவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். யாருக்கும் தெரியாமல் வேறு ஆஸ்பத்திரிக்கு என் சொந்தப் பெயரில் போயிருக்கலாம். போகவும் போனேன். வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே வாசல் கடைக்குப் போய் ஒரு சோடா வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்ப வந்து நின்றார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்து, பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன். எனக்கு வேலையைப் பற்றிப் பயமில்லை. உனக்கும் உன் அப்பாவுக்கு வந்ததுதான் என்று ஒரு டாக்டர் வாயால் கேட்கத்தான் பயம்.

சனிக்கிழமை என் முறை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி அன்று வேலைக்கே போகவில்லை. வேன் வந்து போய்விட்டது.

திங்கட்கிழமை என் தோஸ்து ஒரு கவரோடு வந்தான். கடிதத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய் அவன் நெஞ்சுக்கு எல்லாப் பரிசோதனையும் செய்துகொண்டிருக்கிறான். ஈசிஜி எடுத்தார்கள், ஓடும் பட்டையில் ஓடவிட்டார்கள். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. "குதுரைக்குக்கூட இப்டி இருக்காதாம். அந்த லெட்டரு உனுக்கு எய்துனதுதானான்னு கேக்குறாரு டாக்டரு," என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். "நீ போனியா?"

"போனேன். பாத்தாங்க. ஒண்ணும் இல்லன்னாங்க. மாத்திரை குட்த்தாங்க."

"எங்க மாத்திரை?"

"வூட்ல கீது."

பதினாலு வருடத்தில் அவனிடம் நான் சொன்ன முதல் பெரிய பொய் அது. நம்பின மாதிரி தலையை ஆட்டினான்.

புதன்கிழமை காலை படி ஏறும்போது இருபதாவது படியிலோ இருபத்தொன்றிலோ நெஞ்சுக்கு நடுவில் யாரோ முட்டியை வைத்து அழுத்துவது போல் இருந்தது. இடது தாடைவரை ஏறியது. கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே பார்க்கவில்லை, மேலே பார்க்கவில்லை. எதிரில் இருந்த தூணில் ஒரு போல்ட்டை மட்டும் பார்த்தேன். சோடா வேண்டும் என்று தோன்றியது. மெய்யாகவே தோன்றியது, அதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, பிறகு அது இறங்கிவிட்டது. மிச்சப் படியையும் ஏறிப் போய் உட்கார்ந்தேன். கீழே என் தோஸ்து தலையை வலப்பக்கம் திருப்பி, நல்ல கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான்.



மறுநாள் வியாழக்கிழமை அவன் மறுபடியும் படம் எடுத்துக்கொள்ள வேண்டிய நாள். அதற்கும் ஆள் நிற்க வைக்க ஏற்பாடு இருந்தது. லோடு ஏற்றும் பையன்களில் ஒருவன் ஒத்துக்கொண்டிருந்தான், நல்ல கண், இருபத்தைந்து வயது; டாக்டரம்மா தினம் நூறு பேரைப் பார்க்கிறவர், முகம் ஞாபகம் இருக்காது என்பது கணக்கு. அவன் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தால் எல்லாம் சுத்தமாக இருக்கும், முதல் படத்தில் ஏதோ கோளாறு என்று டாக்டரம்மா நினைத்துக்கொள்வார், என் தோஸ்துக்கு கிரேன் திரும்பக் கிடைக்கும், பேச்சு அதோடு முடிந்துவிடும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு மணி இருக்கும். கொக்கியில் ஒரு காயில் தொங்குகிறது, லாரிக்கு மேலே கொண்டுபோய்க்கொண்டிருக்கிறேன். யார்டு வாசலில் மொபெட் வந்து நின்றது. என் தோஸ்து இறங்கி, நேராக லாரிக்குப் பக்கத்தில் வந்து, அங்கே நின்ற கலாசியை ஒதுக்கிவிட்டு அவன் இடத்தில் நின்றான். கையைத் தாழ்த்தி, ஆள்காட்டி விரலைக் கீழே நீட்டி, சின்ன வட்டமாகச் சுற்றினான். இறக்கு என்று அர்த்தம். லாரிமேல் இன்னும் வரவில்லையே என்று நான் தயங்கினேன். மறுபடியும் அதே சைகை. காயிலை வெறுந்தரையில் இறக்கினேன். கொக்கி தளர்ந்த பிறகும் அவன் கையை நிறுத்தவில்லை. இப்போது அந்த விரல் கொக்கியைக் காட்டவில்லை. முகம் என்னை நோக்கி இருந்தது. ஆளை இறக்குவதற்கு எங்களிடம் சைகை கிடையாது. இரும்பை இறக்குகிற சைகையாலேயே என்னை இறக்கினான்.

இறங்கி வந்தபோது மேஸ்திரியும் ஆபீஸிலிருந்து இன்னொருவரும் நின்றிருந்தார்கள்.

"சொல்ட்டேன் மாமு," என்றான். "நானே போய் மெஷின்ல குந்தினேன். என் கண்ணைப் பாத்ததும் அந்தம்மாவுக்குப் புரிஞ்சிபோச்சி. பொரை வுழுந்து உள்ளயே தெரியல, போன வாரம் எப்டி அவ்ளோ க்ளியரா படம் வந்துச்சின்னு கேட்டாங்க. அது என் கண்ணு இல்ல, அந்தக் கண்ணு இப்ப கிரேன் மேல குந்திகினு கீதுன்னு சொல்ட்டேன். ஆட்டோ வெளிய நிக்குது. வா."

"உன்ன எவன்டா சொல்லச் சொன்னான்?" என்று கத்தினேன். கெட்ட வார்த்தை எல்லாம் வந்தது. அவன் சட்டையைப் பிடித்தேன். பதினாலு வருட சிநேகிதத்தை நடுயார்டில் எல்லோரும் பார்க்கக் கிழித்துப் போட்டேன். அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. 

அப்படியே என்னைக் கொண்டுபோய் ஆட்டோவில் ஏற்றினான். ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். தொடை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இதயத்துக்குப் போகும் மூன்று குழாயிலும் அடைப்பு, பெரியதில் நூல் நுழைகிற வழிதான் மிச்சம் இருந்தது. இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு தினமும் நாற்பத்திரண்டு படி ஏறினாயா என்று அந்த டாக்டர் கேட்டார். நான் எந்த வார்த்தையைக் கேட்கப் பயந்து வரிசையை விட்டு ஓடி வந்தேனோ, அதை அவர் சாதாரணமாக, சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார். கேட்டதும் உயிர் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. நெஞ்சைத் திறந்து தைத்தார்கள்.

கண் விழித்த பிறகும் என் கோபம் போகவில்லை. வார்டு வாசலில் அவன் வந்து நிற்பான், நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பேன். நாலாம் நாள் என் மனைவிக்கு முழுக்கதையும் தெரிந்துவிட்டது. அவள் அழவில்லை. ஆரஞ்சை உரித்துக்கொண்டே சொன்னாள்:

"உன் நைனா மூட்டை மேல குந்தினாரே, அன்னிக்கு அவுருக்கு இப்டி ஒருத்தன் இருந்திருந்தா, உன் அம்மா அவ்ளோ வருஷம் தனியா கஷ்டப்பட்டிருக்குமா? மூஞ்ச திருப்பிகினு படுக்கிறியே. எய்ந்து பேசு அவனான்ட."

எழுந்திருக்க முடியாது, தையல் இருந்தது. முகத்தை மட்டும் திருப்பினேன். "இன்னாடா," என்றேன். "இன்னாடா," என்றான். எங்களுக்கு அவ்வளவுதான் வரும்.

முதலாளி அவனைத் திரும்பக் கிரேனில் ஏற்றவில்லை. அடுத்த வருடம் புரையை எடுத்து, கண் நன்றாகத் தெரிந்த பிறகும் ஏற்றவில்லை. கடைசிவரை தரையில் நின்று சைகை காட்டினான். என்னை எடை மேடைக்கு மாற்றினார்கள். எங்கள் இருவர் கூண்டிலும் வேறு ஆட்கள் உட்கார்ந்தார்கள். அவன் எதற்குப் பயந்தானோ அது அப்படியே நடந்தது. நடக்கும் என்று தெரிந்துதான் அந்த மெஷினில் போய் மோவாயை வைத்திருக்கிறான். இதைப் பற்றி அவன் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. ஆளுக்கு ஆள் நிற்பதில் சொல்லிக்காட்டுவது கிடையாது.

இப்போதும் வருடத்துக்கு ஒருமுறை கண்ணுக்குள் படம் எடுத்துக்கொள்கிறேன். அதே டாக்டரம்மா, கொஞ்சம் நரைத்துவிட்டார். படிவத்தில் அப்பா என்கிற இடத்தில் நெஞ்சுவலி, நாற்பத்து நாலு வயது என்று என் கையாலேயே எழுதுகிறேன். பச்சை வெளிச்சத்தைப் பார்க்கிறேன், பளீர் என்று வெட்டுகிறது. அவர் திரையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு பார்க்கிற அந்த இரண்டு நிமிடத்தில் எனக்கு இன்னமும் உள்ளங்கை ஜில்லிட்டுப் போகும். இத்தனை வருடத்தில் அந்தப் பயம் ஒரு துளி குறையவில்லை. போன தடவை, "அப்படியேதான் இருக்கு, மோசமாகல," என்றார். அதைக் கேட்டுவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

மருந்து விட்ட கண்ணோடு தனியாகப் போகக் கூடாது, கூட ஒருவர் வர வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. என் தோஸ்துதான் வருவான். வெளியே வெயில் கண்ணைக் குத்தும், எல்லாம் வெள்ளையாக இருக்கும், டிரெய்லர்கள் போகிற ரோட்டை அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் தாண்ட வேண்டும். போன தடவை வாசலில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மூணு படி கீது மாமு. பாத்து எறங்கு."

அவனுடைய இன்னொரு கை கீழே நீண்டு வட்டம் போட்டதா என்று எனக்குத் தெரியாது. மருந்து விட்ட என் கண்ணுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. காலை நீட்டி இறங்கினேன்.